‘சமவாய்ப்புச் சோதனை’யா, ‘எழுமாற்றுச் சோதனை’யா?

அனைவருக்கும் வணக்கம். ஆங்கிலத்தில் ‘random experiment’ எனப்படுவதில் வரும் ‘random’ என்பதற்குத் தமிழில் எந்தச் சொல் பொருத்தம் என்று இங்கே மடல்களில் பேசி வருகிறோம்; அதுபற்றி என் கருத்து இது.

நிகழ்தகவின் தொடக்கப் பாடத்தை நடத்தும்போதெல்லாம் மாணவர்கள் ஒரே இடத்தில் தடுமாறுவதைக் கண்டு வருகிறேன். இரண்டு பகடைகளை உருட்டி எண்களைக் கூட்டினால் 2 முதல் 12 வரை பதினொரு கூட்டுத்தொகைகள் வரக்கூடும். ஆகவே அவை எல்லாவற்றுக்கும் சம வாய்ப்பு என எண்ணி, 7 வருவதற்கான நிகழ்தகவு 1/11 என்று எழுதிவிடுகிறார்கள். 36 இணைகளில் ஆறு இணைகள் 7-ஐத் தருகின்றன, 2-ஐத் தருவது ஒன்றே ஒன்று என்பதை எழுதிக் காட்டிய பிறகும் பலருக்கு ஐயம் நீங்குவதில்லை. பெரிய கணித அறிஞரான டி அலம்பேரே 1754-இல் பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில், நாணயத்தை இருமுறை சுண்டும்போது ஒருமுறையேனும் தலை விழுவதற்கான நிகழ்தகவு 3/4 அன்று, 2/3 என்று வாதிட்டார் என்பதால், இந்தப் பிழைக்கு மாணவர்களைக் குறைகூற முடியாது. ஆனால் நம் வகுப்பறையில் அப்பிழைக்கு நாம் கொடுக்கும் கலைச்சொல்லே துணைபோகிறது.

‘Random experiment’ என்பதைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘சமவாய்ப்புச் சோதனை’ என்கின்றன. வரக்கூடிய விளைவுகள் எல்லாம் முன்பே தெரிந்திருக்க வேண்டும், எது வரும் என்பது மட்டும் தெரியக்கூடாது என்பதே அதன் வரையறை. விளைவுகளின் வாய்ப்புகள் சமமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. ஒரு பாட்டில் மூடியைச் சுண்டினால் அது எப்பக்கம் விழும் என்று சொல்ல இயலாது, இரு பக்கங்களுக்கும் வாய்ப்பு சமமாக இருக்கவும் தேவையில்லை; ஆயினும் அதுவும் ‘சமவாய்ப்பு’ச் சோதனைதான் என்று சொல்லும்போது மாணவர் எதை நம்புவார், வரையறையையா, சொல்லையா? மாதிரி எடுக்கும்போது ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரே வாய்ப்பு அளிப்பதைக் குறிக்க இச்சொல் பொருத்தமானதே. அந்தப் பொருளுக்கும், சம வாய்ப்புள்ள விளைவுகளைக் குறிப்பதற்கும் அதை விட்டுவைப்போம்.

முந்தைய மடல்களில் ‘சீரற்ற’, ‘தற்செயல்’ என இரு சொற்கள் முன்வைக்கப்பட்டன. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் டென்மார்க்கில் தடுத்து வைக்கப்பட்டிருந்த ஜான் கெரிச் என்ற கணிதவியலாளர் நாணயத்தை 10,000 முறை சுண்டி 5,067 தலைகளைக் கண்டார். தனித்தனியே முன்னறிய முடியாதவை திரளாகும்போது ஒரு சீருக்கு வந்துவிடுகின்றன என்பதுதான் இந்தப் பாடத்தின் உயிர். ‘சீரற்ற’ என்ற சொல் அதையே மறுக்கிறது. ‘தற்செயல்’ எதிர்பாராத ஒற்றை நிகழ்வை நினைவூட்டுமே தவிர, திட்டமிட்டு மீண்டும் மீண்டும் செய்யும் சோதனைக்கு ஒட்டாது.

எனவே, இலங்கைப் பாடநூல்களில் ஏற்கெனவே வழங்கும் ‘எழுமாற்று’ என்பதையே பொதுச்சொல்லாகக் கொள்ளலாம் என்பது என் கருத்து. ‘வருமாறு’ என்பதைப் போல ‘எழும் ஆறு’, அதாவது எழுகிற வழியிலேயே, என்று அதற்குப் பொருள் விளக்கலாம். எழுமாறாக, எழுமாற்று எண், எழுமாற்றுத்தன்மை என்று தடையின்றிக் கிளைக்கவும் செய்கிறது. தேர்வில் பழைய சொல்லே வரும் என்பதால், சில ஆண்டுகளுக்கு இரண்டையும் சேர்த்தே கற்பிக்க வேண்டியிருக்கும்.

சோதனையின் விளைவைப் பொறுத்து மதிப்பு மாறும் அளவை (random variable) குறிக்கும் ‘எழுமாற்று மாறி’ என்ற தொடர் மட்டும் எனக்கு உறுத்துகிறது. ‘மாற்று’, ‘மாறி’ இரண்டும் அடுத்தடுத்து வருவதால் ஒன்றுக்கு ஒன்று பதிலியோ என்று மாணவர் மயங்கக்கூடும். அந்த ஒரு தொடருக்கு வேறு வடிவம் தோன்றினால் தெரிவிக்க வேண்டுகிறேன்.

அன்புடன்,
ஒரு கணித ஆசிரியர்