'கோர்ட் பேக்கிங்': தன்னாள் நிரப்பல் என்று சொல்லலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஆட்சியில் இருப்பவர் தனக்குச் சாதகமானவர்களை நீதிபதிகளாக அமர்த்தி நீதிமன்றத்தைத் தன் பக்கம் சாய்ப்பதை ஆங்கிலத்தில் 'கோர்ட் பேக்கிங்' என்கிறார்கள். தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் பொதுவான நம் அகராதியில் அதற்கு 'நீதிமன்ற நிரப்பல்', 'நீதிபதிப் பெருக்கம்' என்று இரண்டு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. இரண்டையும் ஏற்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

நிரப்பல் என்றதும் நாளிதழ் வாசகருக்கு நினைவுக்கு வருவது காலிப் பணியிடம். நீதிமன்றங்களில் காலியிடங்களை நிரப்பச் சொல்லித்தான் வழக்கறிஞர்கள் ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நீதித்துறையின் சுதந்திரத்தைக் கெடுக்கும் செயலுக்கும் அதே சொல்லை வெறுமனே வைத்தால், குற்றத்துக்கு நல்ல பெயர் சூட்டியதாகிவிடும்.

'பெருக்கம்' தலைகளை மட்டும் எண்ணுகிறது. 1937 பிப்ரவரியில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் கொண்டுவந்த திட்டத்துக்கு அது பொருந்தும். அவருடைய பொருளாதாரச் சட்டங்களை அமெரிக்க உச்ச நீதிமன்றம் அடுத்தடுத்து ரத்து செய்திருந்தது. 70 வயது கடந்தும் ஓய்வு பெறாத ஒவ்வொரு நீதிபதிக்கும் ஒரு புதிய நீதிபதி, அதிகபட்சம் 6 பேர் என்றார் அவர். 9 பேர் 15 ஆகியிருப்பார்கள். முதியவர்களால் வேலைப்பளுவைத் தாங்க முடியவில்லை என்று சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை. சொந்தக் கட்சிக்காரர்களே எதிர்த்தார்கள். ஜூலையில் செனட் 70-க்கு 20 என்ற வாக்கில் மசோதாவைக் குழுவுக்கே திருப்பி அனுப்பியது.

அர்ஜென்டினாவில் 1990-இல் குடியரசுத் தலைவர் மெனம் உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகளை 9 ஆக்கியதும் பெருக்கம்தான். ஆனால் இந்திய உச்ச நீதிமன்றமும் 1950-இல் தலைமை நீதிபதி உட்பட 8 பேர் என்று தொடங்கி, வழக்குகள் குவியக் குவிய, 2019-இல் 34 இடங்களுக்கு வளர்ந்தது. இரண்டுக்கும் ஒரே சொல் என்பது நியாயமே இல்லை.

எல் சால்வடோரில் நடந்தது நேர்மாறு. 2021 மே 1 அன்று புதிய சட்டமன்றம் கூடிய முதல் நாளே உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வின் 5 நீதிபதிகளையும் நீக்கி, அன்றிரவே வேறு ஐவரை அமர்த்தியது. ஓர் இருக்கைகூடக் கூடவில்லை. போலந்தில் 2015-இல், அரசமைப்பு நீதிமன்றத்துக்கு முந்தைய நாடாளுமன்றம் முறைப்படி தேர்ந்தெடுத்த 3 நீதிபதிகளுக்குக் குடியரசுத் தலைவர் தூதா பதவிப் பிரமாணம் செய்துவைக்கவில்லை. அவர்கள் இடத்தில் புதிய பெரும்பான்மையின் ஆள்கள் அமர்ந்தார்கள். 'பெருக்கம்' இந்த இரண்டையும் கோட்டை விட்டுவிடும்.

'தன் ஆள்களைப் போட்டு நிரப்பிவிட்டார்' என்று நாம் சாதாரணமாகப் பேசுவதிலேயே வேண்டிய பொருள் முழுதும் இருக்கிறது. ஆகவே என் பரிந்துரை 'தன்னாள் நிரப்பல்'. 'ரூஸ்வெல்ட்டின் தன்னாள் நிரப்பல் மசோதா தோற்றது', 'அரசமைப்பு நீதிமன்றம் தன்னாள் நிரப்பலுக்கு இரையானது' என்று எழுதிப் பார்த்தேன், தடங்கல் இல்லை. 'தன் நாள்' என்றும் பிரிக்கலாமே என்று யாரேனும் கேட்கலாம். பக்கத்தில் 'நிரப்பல்' நிற்கும்போது அப்படிப் படிப்பவர் இருக்க மாட்டார்.

சொல்லுக்குள் 'உயர்', 'உச்ச' எதையும் சேர்க்க வேண்டாம். தமிழ்நாட்டில் உயர் நீதிமன்றம் மாநிலத்துக்கானது. இலங்கையில் நாட்டின் தலைமை நீதிமன்றத்துக்கே அந்தப் பெயர். இரு கரைக்கும் பொதுவான அகராதியில் அது வீண் குழப்பம்.

ஓய்வு வயதைக் குறைத்து நீதிபதிகளை வெளியேற்றுவதற்குத் தனிச் சொல் தேவை. ஹங்கேரி 2012-இல் 70-ஐ 62 ஆக்கியது. அது வயதுப் பாகுபாடு என்று அந்த ஆண்டே ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதற்கு 'வயதுவழி வெளியேற்றம்' என்று எழுதி வைத்திருக்கிறேன், நிறைவாக இல்லை. சட்டத்துறையில் இருப்பவர்கள் இதைவிட நல்ல சொல் தாருங்கள்.