கல்யாண டிவிடிகளை டேப்லெட்டில் ஏற்றுவது: கோப்பு ஏறவில்லை, படத்தில் கோடு, சத்தம் இல்லை

வெண்ணாறு:
வீட்டில் 2006இல் ஸ்டுடியோக்காரர் எழுதிக் கொடுத்த கல்யாண டிவிடி 4 தட்டு இருக்கிறது. அப்பா அம்மா பார்க்க 10 அங்குல ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் போட வேண்டும். டேப்லெட் 64 ஜிபி, அதில் காலி இடம் 38 ஜிபி. கூடுதலாக 128 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்டு வாங்கி, டேப்லெட்டிலேயே ஃபார்மேட் செய்திருக்கிறேன். கம்ப்யூட்டர் விண்டோஸ், டிவிடி டிரைவ் உண்டு.

சிக்கல்கள்:
1. முழுத் தட்டையும் ஐஎஸ்ஓவாக (தட்டின் மொத்தப் பிரதி, ஒரே கோப்பாக) எடுத்தேன், 4.3 ஜிபி. கார்டில் இடம் இருந்தும் "கோப்பு மிகப் பெரியது" என்று மறுக்கிறது.
2. தட்டுக்குள் இருக்கும் விஓபி கோப்புகளைத் தனித்தனியாகப் போட்டால் பாட்டு நடுவில் அறுகிறது. ஓடும் நேரமும் தப்பாகக் காட்டுகிறது.
3. யாராவது நடந்தால் உருவத்தின் ஓரத்தில் சீப்புப் பல் போலக் கோடு கோடாக வருகிறது. டிவியில் இப்படி இல்லை.
4. டேப்லெட்டின் கேலரியில் படம் மட்டும் ஓடுகிறது, சத்தம் இல்லை.
5. மூன்றாவது தட்டு முகூர்த்தம் வரும் இடத்தில் நின்றுவிடுகிறது.

அடுத்த மாதம் இருவரும் ரயிலில் டெல்லி போகிறார்கள். வழியில் பார்க்க ஓடிடி படங்களும் இறக்கிக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். அதில் கவனிக்க வேண்டியது என்ன?

ப்ளே_பட்டன்:
டேப்லெட்டில் விஎல்சி என்ற வீடியோ பிளேயர் செயலியைப் போட்டு விஓபியை அப்படியே ஓட்டிவிடுங்கள். சத்தம் வரும். மாற்றுவதெல்லாம் வீண் வேலை.

பாதிச்சட்டம்:
விஎல்சி போட்டால் 4ஆவது சிக்கல் தீரும், மற்றவை அப்படியே இருக்கும். வயதானவர்கள் கையில் கொடுக்கும்போது ஒரு தட்டுக்கு ஒரே கோப்பு, தொட்டால் ஓட வேண்டும். ஆகவே மாற்றுவதுதான் சரி. முதலில் காரணங்களைச் சொல்லிவிடுகிறேன்.

கார்டு மறுப்பது அது ஃபேட்32 என்ற முறையில் ஃபார்மேட் ஆகியிருப்பதால். அந்த முறையில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபியைத் தொட முடியாது, கார்டில் எவ்வளவு இடம் இருந்தாலும் சரி. ஒற்றை அடுக்கு டிவிடி நிரம்பினால் விண்டோஸ் கணக்கில் 4.37 ஜிபி வரும், எனவே முழுத் தட்டின் ஐஎஸ்ஓ பெரும்பாலும் இங்கேதான் முட்டும். 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகள் கடையிலிருந்து வரும்போது இந்த வரம்பு இல்லாத எக்ஸ்ஃபேட் முறையில் இருக்கும். உங்கள் டேப்லெட் அதை அழித்து ஃபேட்32 ஆக்கியிருக்கிறது என்றால், அதற்கு எக்ஸ்ஃபேட் படிக்கத் தெரியாமல் இருக்க வாய்ப்பு அதிகம். கம்ப்யூட்டரில் எக்ஸ்ஃபேட்டாக மாற்றிப் போட்டுப் பாருங்கள். "கார்டு பழுதாகியுள்ளது" என்று டேப்லெட் சொன்னால் திரும்ப ஃபேட்32க்கே வந்துவிடுங்கள். என்டிஎஃப்எஸ் வேண்டாம், பெரும்பாலான ஆண்ட்ராய்டு கருவிகள் அதைத் தொடாது.

விஓபி என்பது ஒரே படத்தை 1 ஜிபி அளவில் நறுக்கிய துண்டுகள். பாட்டு முடிந்ததா என்று பார்த்து நறுக்குவதில்லை. எந்தத் துண்டு எங்கே தொடர்கிறது என்ற விவரம் அதே ஃபோல்டரில் உள்ள ஐஎஃப்ஓ கோப்பில் இருக்கிறது. அதை விட்டுவிட்டுத் துண்டை மட்டும் எடுத்தால் நேரம் தப்பாகத்தான் காட்டும்.

சத்தம் வராததற்குக் காரணம் ஒலி ஏசி3 வகையாக இருப்பது. எல்லா ஆண்ட்ராய்டு கருவியிலும் அதற்கான டிகோடர் (அந்த வகையைப் படித்து ஓட்டும் பகுதி) இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. விஎல்சி தன்னோடு டிகோடரைக் கொண்டுவருவதால் அதில் மட்டும் கேட்கும்.

கோடுகள் பற்றி. அப்போது நம் ஊர் டிவி பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறை. அந்தக் காலக் கல்யாணக் கேமராக்கள் நொடிக்கு 50 பாதிப் படங்கள் எடுத்தன: ஒன்றில் ஒற்றைப்படை வரிகள், அடுத்ததில் இரட்டைப்படை வரிகள். பழைய குழாய் டிவி ஒவ்வொரு பாதியையும் அடுத்தடுத்துக் காட்டியது. இப்போதைய டிவிகள் தாங்களே சரிசெய்துகொள்கின்றன. டேப்லெட்டில் இரண்டு பாதியும் ஒரே சமயத்தில் வந்து விழும்போது, இடையில் நகர்ந்த ஆளின் ஓரம் பிய்ந்து தெரியும். இதை மாற்றும்போதே சரிசெய்ய வேண்டும். பிறகு செய்ய முடியாது.

இனி வேலை. வீடியோவை மாற்றும் ஹேண்ட்பிரேக் மென்பொருள் இலவசம், அதை அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள்.

தட்டில் இருக்கும் "வீடியோ டிஎஸ்" ஃபோல்டர் முழுவதையும் முதலில் ஹார்டு டிஸ்கில் காப்பி செய்யுங்கள். ஹேண்ட்பிரேக்கில் தனிக் கோப்பைத் திறக்காமல் அந்த ஃபோல்டரைத் திறந்தால் ஐஎஃப்ஓவைப் படித்துத் துண்டுகளைச் சேர்த்துக்கொள்ளும். டைட்டில் பட்டியலில் நீளமானதுதான் படம். 30 நொடி, 1 நிமிடம் என்று இருப்பவை ஸ்டுடியோ விளம்பரமும் மெனுவும்.

பிரீசெட் "ஃபாஸ்ட் 576பி25" எடுத்து, இவற்றை மாற்றுங்கள்:

- ஃபில்டர் பகுதியில் டீஇன்டர்லேஸ் (சீப்புக் கோட்டை நீக்குவது): யாடிஃப் அல்லது பிடபிள்யூடிஃப், அதன் பிரீசெட் "பாப்".
- வீடியோ பகுதியில் ஃபிரேம்ரேட் 50, கான்ஸ்டன்ட். இதைச் செய்யாவிட்டால் பாதிப் படங்கள் வீணாகும், ஊர்வலமும் நடனமும் விட்டு விட்டு ஓடும். கல்யாண வீடியோவில் இந்த ஒரு அமைப்புதான் நல்ல பிரதிக்கும் சுமாரான பிரதிக்கும் உள்ள வித்தியாசம்.
- என்கோடர் (வீடியோவைச் சுருக்கும் முறை) ஹெச்.264, தரம் ஆர்எஃப் 19. எண் குறையக் குறையத் தரமும் கோப்பின் அளவும் கூடும். டிவிடிக்கு 18 முதல் 22 வரை போதும்.
- ஒலி ஏஏசி, ஸ்டீரியோ, 160 கிலோபிட்.
- கோப்பு வகை எம்பி4.

அளவை 720பி, 1080பி என்று பெரிதாக்காதீர்கள். தட்டில் இருப்பதே 720க்கு 576 புள்ளிகள், இல்லாத விவரம் எங்கிருந்தும் வராது, கோப்புதான் வீங்கும்.

முழுத் தட்டையும் ஓடவிடும் முன், ரேஞ்ச் என்ற இடத்தில் நொடிக் கணக்கு கொடுத்து 600 முதல் 660 வரை ஒரு நிமிடம் மட்டும் எடுத்து டேப்லெட்டில் பாருங்கள். ஆட்கள் நடக்கும் இடமாக இருக்கட்டும்.

அளவுக் கணக்கு: நொடிக்கு 1 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 450 மெகாபைட். இந்த அமைப்பில் இரண்டு மணி நேரத் தட்டு பொதுவாக 1.5 முதல் 2.5 ஜிபி வரும். இரவு மண்டபத்தில் எடுத்த, புள்ளி புள்ளியாக இரையும் காட்சிகள் அதிகம் இருந்தால் இன்னும் கூடும். நான்கு தட்டும் சேர்த்து 10 ஜிபியைச் சுற்றி நிற்கும். ஆக, உங்களுக்குக் கார்டே தேவையில்லை, டேப்லெட்டின் 38 ஜிபியிலேயே அடங்கிவிடும். கார்டை ஓடிடிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ப்ளே_பட்டன்:
ஹெச்.265 போட்டால் பாதி அளவில் முடியுமே?

பாதிச்சட்டம்:
அளவு குறையும், உண்மை. ஆனால் மாற்றும் நேரம் பல மடங்கு. விலை குறைந்த பழைய டேப்லெட்டில் அதற்கு ஹார்டுவேர் டிகோடர் இல்லையென்றால் பிராசஸரே எல்லாம் செய்து பேட்டரியைக் குடிக்கும். 10 ஜிபியை 6 ஆக்க இவ்வளவு பாடு வேண்டுமா?

கீறல்தட்டு:
மூன்றாவது தட்டுக்கு. எழுதும் டிவிடிகளில் தகவல் இருப்பது ஒரு சாயப் படலத்தில். 2006 தட்டு என்றால் சாயம் மங்க ஆரம்பித்திருக்கலாம், திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

பிசிறில்லாத மென்துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாக அல்ல. தகவல் ஓடும் தடம் வட்டமானது. துடைக்கும்போது வட்டக் கீறல் விழுந்தால் ஒரே தடத்தில் நீளமாகத் தகவல் போகும், குறுக்குக் கீறலை டிரைவின் பிழைதிருத்தம் சமாளித்துவிடும். அடுத்து வேறொரு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒரு டிரைவ் படிக்காத தட்டை இன்னொன்று படிப்பது சர்வசாதாரணம்.

அதிலும் நின்றால் விண்டோஸின் காப்பி வசதியை விடுங்கள், ஒரு பிழை வந்ததும் அது மொத்தமாகக் கைவிடும். லினக்ஸ் லைவ் பென்டிரைவில் (நிறுவாமலே ஓடும் லினக்ஸ்) பூட் செய்து, பழுதான தட்டிலிருந்து தகவலை மீட்கும் டிடிரெஸ்க்யூ மென்பொருளை ஓட்டுங்கள். செக்டார் (தட்டில் தகவல் பதிந்த சிறு துண்டு) அளவு 2048 என்று கொடுக்க வேண்டும், மேப் கோப்பும் கட்டாயம் வேண்டும். முதல் சுற்றில் நல்ல பகுதிகளை எல்லாம் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களைப் பிறகு முயலும். எது கிடைத்தது, எது பாக்கி என்பது மேப் கோப்பில் பதிவாகும். அதனால் பாதியில் நிறுத்தி, தட்டை வேறு டிரைவில் போட்டு, அதே மேப் கோப்போடு விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இரண்டு டிரைவும் வெவ்வேறு செக்டார்களைப் படித்துக் கொடுத்தால் ஓட்டைகள் அடைபடும். கடைசியில் சில செக்டார் போனாலும் படத்தில் ஓரிரு நொடி கட்டம் கட்டமாக உடையும், அவ்வளவே.

இன்னொன்று: மாற்றி முடித்ததும் ஐஎஸ்ஓவை அழிக்காதீர்கள். டேப்லெட்டில் போவது பார்க்கும் பிரதி. மூலப் பிரதி ஹார்டு டிஸ்கில் இருக்க வேண்டும், முடிந்தால் இரண்டு இடத்தில்.

வெண்ணாறு:
முதல் தட்டு அருமையாக வந்துவிட்டது, நன்றி. மூன்றாவதும் இரண்டாவது டிரைவில் ஏறக்குறைய முழுவதும் வந்தது. இரண்டு சந்தேகம். இரண்டாவது தட்டில் கோடு போய்விட்டது, ஆனால் கை அசைந்தால் முன்னும் பின்னுமாக உதறுகிறது. அடுத்து, எல்லாத் தட்டிலும் கேலரியில் பார்த்தால் முகங்கள் கொஞ்சம் ஒல்லியாகத் தெரிகின்றன, விஎல்சியில் சரியாக இருக்கின்றன.

பாதிச்சட்டம்:
உதறல் பாதிப் படங்களின் வரிசை மாறியதால். மினி டி.வி. (Mini DV) கேசட் கேமராக்கள் கீழ்ப் பாதியை முதலில் பதியும். எடிட்டிங்கில் மேல் பாதி முதலில் என்று தவறாகக் குறித்திருந்தால், நடந்த காட்சியே ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக வரும். யாடிஃபில் பிரீசெட்டை "கஸ்டம்" ஆக்கி, மோடு 7, பாரிட்டி 1 என்று கொடுங்கள். பாரிட்டி 1 என்றால் கீழ்ப் பாதி முதலில், 0 என்றால் மேல் பாதி முதலில். ஒரு நிமிடத் துண்டு எடுத்துப் பார்த்தால் எது சரி என்று உடனே தெரிந்துவிடும்.

ஒல்லி முகம்: டிவிடியின் புள்ளிகள் சதுரம் இல்லை. 720 புள்ளி அகலத்தை 768 ஆக இழுத்துக் காட்ட வேண்டும் என்ற குறிப்பு கோப்பில் இருக்கிறது. விஎல்சி அதை மதிக்கிறது, உங்கள் கேலரி மதிக்கவில்லை. டைமென்ஷன்ஸ் பகுதியில் அனமார்ஃபிக்கை "நன்" ஆக்கி, ஆட்டோ கிராப்பையும் நிறுத்தி, அளவை 768க்கு 576 என்று வைத்தால் எதில் ஓட்டினாலும் ஒன்றாகத் தெரியும். அகலத்திரைத் தட்டாக இருந்தால் 1024க்கு 576.

பேச்சு மெதுவாகவும் நாதஸ்வரம் காதைப் பிளப்பதாகவும் இருந்தால் கெய்னை (மொத்த ஒலி அளவை) ஏற்றாதீர்கள், நாதஸ்வரம் கரகரக்கும். மூல ஒலி ஏசி3 என்பதால் டிஆர்சி (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் அமைப்பு) வேலை செய்யும். 2.0 வைத்துப் பாருங்கள்.

மணல்கடிகை:
ஏற்றுவதும் ஓடிடியும் பாக்கி இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

யுஎஸ்பி கேபிளைச் செருகியதும் டேப்லெட்டின் அறிவிப்பில் "ஃபைல் ட்ரான்ஸ்ஃபர்" தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த அறிவிப்பே வராவிட்டால் கேபிள் சார்ஜுக்கு மட்டுமானதாக இருக்கலாம், வேறு கேபிள் மாற்றுங்கள். "மூவீஸ்" ஃபோல்டரில் போடுங்கள். ஆண்ட்ராய்டு 11 முதல் வந்தவற்றில் விஎல்சி எல்லாக் கோப்புகளையும் பார்க்க அனுமதி கேட்கும், கொடுக்காவிட்டால் சில ஃபோல்டர்கள் கண்ணில் படாது. பெயரை 01, 02 என்று தொடங்கினால் வரிசை கலையாது. தமிழில் பெயர் வைக்கலாம், பிரச்சினை இல்லை.

ஓடிடி படங்கள் அந்தந்தச் செயலிக்குள் பூட்டித்தான் இறங்கும், எடுத்து வேறு இடத்தில் போட முடியாது. நெட்ஃபிளிக்ஸ், பிரைம் வீடியோ இரண்டிலும் இறக்கும் இடமாக எஸ்டி கார்டைத் தேர்ந்தெடுக்கும் வசதி அமைப்புகளில் உண்டு. இறக்கும் முன்பே மாற்றிவிடுங்கள். பிறகு அந்தக் கார்டைக் கழற்றி வேறு டேப்லெட்டில் போட்டாலும் ஓடாது.

எவ்வளவு தரம் தேர்ந்தாலும் படம் மங்கலாக இருந்தால் வைட்வைன் (ஓடிடி படங்களைக் காப்பி எடுக்காமல் பூட்டும் முறை) நிலையைப் பாருங்கள். நெட்ஃபிளிக்ஸ் செயலியின் அமைப்புகளில் "பிளேபேக் ஸ்பெசிஃபிகேஷன்" என்ற பக்கத்தில் எல்1 அல்லது எல்3 என்று இருக்கும். எல்3 என்றால் ஹெச்டி கிடைக்காது, இது கருவியின் குறை, திட்டத்தை உயர்த்திப் பணம் கட்டுவதால் மாறாது. மாறாத தரத்துக்குப் பெரிய அளவில் இறக்கி இடத்தை அடைக்காமல் "ஸ்டாண்டர்ட்" வைத்துக்கொள்ளுங்கள்.

இறக்கியவற்றுக்குக் கெடு உண்டு. சில படங்கள் ஓட்ட ஆரம்பித்ததிலிருந்து 48 மணி நேரத்தில் பூட்டிக்கொள்ளும், இணையம் இல்லாமல் புதுப்பிக்க முடியாது. ஆகவே சோதித்துப் பார்க்கிறேன் என்று முன்கூட்டியே ஓட்டி வைக்க வேண்டாம். கிளம்பும் நாள் காலையில் ஏரோபிளேன் மோடு போட்டு, செயலி திறக்கிறதா, பட்டியலில் காலாவதி என்று எதுவும் காட்டுகிறதா என்று மட்டும் பாருங்கள். சோதிக்க ஏதாவது ஒரு படத்தைப் பலிகொடுத்து ஓட்டலாம், மற்றதைத் தொடாதீர்கள். செயலியிலிருந்து வெளியேறினால் இறக்கியது அனைத்தும் போய்விடும், இதை அப்பா அம்மாவிடமும் சொல்லி வையுங்கள்.