ஜார்ஜ் பென்சனின் 'பிரீசின்': இனிமைக்கு அடியில் எதைக் கேட்பது?

நொய்யல்கரை (கோயம்புத்தூர்):
அனைவருக்கும் வணக்கம். பீளமேட்டில் மாலை வகுப்பில் கிட்டார் கற்றுவரும் நான், ஆசிரியர் சொன்னதன் பேரில் அமெரிக்க ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜார்ஜ் பென்சன் 1976இல் வெளியிட்ட 'பிரீசின்' இசைத்தொகுப்பை இப்போது அடிக்கடி கேட்கிறேன். மனத்துக்கு மிகவும் பிடித்துவிட்டது. ஆனால் ஜாஸில் ஊறிய நண்பர்களோ, அவிநாசி சாலை ஓட்டல்களின் வரவேற்பறையில் ஓடவேண்டிய இசை இது, இதில் ஆராய என்ன இருக்கிறது என்று கேலி செய்கிறார்கள். 'ஸ்மூத் ஜாஸ்' (காதுக்கு இதமான, மென்மையான ஜாஸ் வகை) என்றாலே இத்தொகுப்பைச் சொல்வதற்கு அதன் விற்பனை மட்டும்தான் காரணமா, வாசிப்பிலும் ஏதேனும் உண்டா? எந்த இடங்களைக் கூர்ந்து கேட்கலாம் என்று விவரம் தெரிந்தவர்கள் கூறினால் நன்றியுடையவனாவேன்.

காலிங்கராயன் வாய்க்கால் (ஈரோடு):
விற்பனை பெரியதுதான், தம்பி. அமெரிக்க இசை இதழான பில்போர்டின் பாப், ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் புளூஸ்), ஜாஸ் ஆகிய மூன்று பட்டியல்களிலும் முதலிடம் பிடித்த தொகுப்பு இது. ஆனால் அதை ஒருபுறம் வைத்துவிட்டு, தலைப்புப் பாடலில் பென்சனின் மெட்டையே கவனியாமல் ஃபில் அப்சர்ச்சின் துணைக் கிட்டாரை மட்டும் ஒருமுறை பின்தொடர்ந்து பாருங்கள். தேர்ந்த மிருதங்க வித்துவான் பாடகருக்கு இடம்விட்டு வாசிப்பதுபோல, அவர் சிறு சிறு துணுக்குகளாகத் தட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். அந்த இடைவெளியில்தான் பென்சனின் சொற்றொடர்கள் அவசரமின்றி வந்து அமர்கின்றன. கீழே ஸ்டான்லி பேங்க்ஸின் பேஸ் கிட்டாரும் ஹார்வி மேசனின் டிரம்ஸும் தாளத்தைச் சற்றும் அலட்டாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன. காதுக்குச் சுலபமாகக் கேட்கும் இந்த ஓட்டத்தை நாமே வாசிக்க முயன்றால்தான் அதன் கடினம் விளங்கும்.

இன்னொன்று. இதே மெட்டை, அதை இயற்றிய பாபி வோமாக்கோடு சேர்ந்து, ஹங்கேரியக் கிட்டார் கலைஞர் கேபோர் சாபோ 1971லேயே பதிவுசெய்திருக்கிறார். இரண்டுக்கும் தயாரிப்பாளர் டாமி லிபூமாதான். அடுத்தடுத்து வைத்துக் கேட்டால் பென்சன் எதைக் கூட்டினார் என்பது தெளிவாகும்.

பனியன் நகரத்தான் (திருப்பூர்):
அண்ணன் கூறியதோடு 'திஸ் மாஸ்கரேட்' பாடலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். லியான் ரஸ்ஸல் எழுதிய இப்பாடல், ஆண்டின் சிறந்த இசைப்பதிவுக்கான கிராமி விருதைப் பெற்றது. மூல இசைத்தட்டில் உள்ள ஆறு உருப்படிகளில் பென்சன் வரிகளோடு பாடியது இது ஒன்றுதான். தாம் விரலால் வாசிக்கும் ஒவ்வொரு ஸ்வரத்தையும் அதே கணத்தில் வாயாலும் சொல்லிச் செல்கிறார். குரலையும் தந்தியையும் பிரித்துக் கேட்க முயன்று நான் தோற்றுப்போகும் இடங்கள் உண்டு (இரவுப் பணியில் இயந்திர இரைச்சலுக்கு நடுவே காதொலிப்பானில் கேட்பது ஒரு காரணமாக இருக்கலாம்). நடுவில் வரும் ஹோர்ஹே டால்டோவின் பியானோவையும் விட்டுவிடாதீர்கள். வானொலிக்காக மூன்று நிமிடங்களாகச் சுருக்கிய வடிவத்தை மட்டுமே கேட்டவர்கள், எட்டு நிமிட முழு வடிவம் எப்படி மெல்ல விரிகிறது என்பதை அறியமாட்டார்கள். உங்கள் நண்பர்களும் அந்தச் சுருக்கத்தைக் கேட்டுத்தான் தீர்ப்பு எழுதியிருப்பார்கள் என்பது என் ஐயம்.

ஆழியாற்றுக்காரன் (பொள்ளாச்சி):
நண்பர்களின் கேலியை முழுவதும் தள்ளிவிட வேண்டாம் என்பேன். கிளாஸ் ஆகர்மன் அமைத்த வயலின் கூட்டம் இத்தொகுப்பின் 'லேடி' உருப்படியில் எனக்குத் திகட்டத்தான் செய்கிறது. ஆர்கன் கலைஞர் ஜாக் மெக்டஃப் குழுவில் இளம் பென்சன் வாசித்தவற்றில் இருக்கும் சூடு இங்கே குறைவு. ஆயினும், ஹோசே ஃபெலிசியானோ இயற்றிய 'அஃபர்மேஷன்' உருப்படியை யாரும் குறைசொல்ல முடியாது. மெட்டை முடித்துத் தனி வாசிப்புக்குள் புகுந்ததும் வேகம் எடுத்துவிடுகிறார்; அந்த வேகத்திலும் ஒரு ஸ்வரம்கூட மற்றொன்றோடு ஒட்டிக்கொள்ளாமல் தனித்தனியே உதிர்கிறது. நண்பர்களுக்கு எதையேனும் போட்டுக்காட்டுவதானால் அதை முதலில் போடுங்கள்.

நொய்யல்கரை (கோயம்புத்தூர்):
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அப்சர்ச்சின் துணை வாசிப்பைப் பழக விரும்புகிறேன். எழுதி வைத்த குறிப்பைப் பார்த்தே தொடங்கலாமா?

காலிங்கராயன் வாய்க்கால் (ஈரோடு):
குறிப்பு பிறகு இருக்கட்டும். முதலில் மெட்ரோனோமை (தாள வேகத்தை ஒலித்துக் காட்டும் கருவி) பாட்டின் வேகத்தைவிடச் சற்றுக் குறைத்து வைத்து, வலது கையின் அசைவை நிறுத்தாமல், இடது கையால் மட்டும் ஒலியை அடக்கியும் விடுவித்தும் பழகுங்கள். அது கைக்கு வந்தபின் வகுப்பிலுள்ள வேறு ஒருவரை மெட்டை வாசிக்கச் சொல்லி, அவர் நிறுத்தும் இடங்களில் மட்டும் நீங்கள் நுழையுங்கள்.