குழந்தைகளின் உடல் பருமன்: நேரில் பார்த்ததை எழுதுங்கள்

மதுரைக்காரி:

குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். அடையாளம் தெரியாதபடி ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதுகிறேன்.

பையனுக்குப் பத்து வயது. அம்மா அவனை அழைத்து வந்தது எடைக்காக இல்லை, கழுத்துக்காக. பின்கழுத்தில் பட்டையாகக் கருப்பு. பயத்தமாவு, எலுமிச்சை, பீர்க்கங்கூடு என்று தேய்த்துத் தேய்த்து ஓரத்தில் தோல் உரிந்திருந்தது. “குளிக்கிறப்ப ஒழுங்கா தேய்க்க மாட்டேங்கிறான்” என்று திட்டிக்கொண்டே இருந்தார். அது அழுக்கு இல்லை, உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் அளவுக்கு மேல் சுரக்கும்போது தோல் இப்படித் தடித்துக் கருக்கும் என்று டாக்டர் சொன்னதும் அந்த அம்மாவின் கை தானாகப் பையனின் கழுத்துக்குப் போனது. கூட வந்த ஆச்சி மட்டும், “பூசினாப்ல இருக்கான், பிள்ளையைக் கண்ணு வைக்காதீங்க” என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ரேஷன் அரிசிக்கு வரிசையில் நின்ற தலைமுறைக்கு ஒல்லிப் பிள்ளைதான் பயம்.

அப்பா, “நான் காலையில் போனா ராத்திரிதான் வர்றேன், இவதான் பார்த்துக்கணும்” என்றார். இந்தப் பேச்சை அடிக்கடி கேட்கிறேன், ஒவ்வொரு முறையும் மனசு வலிக்கிறது. பையனிடம் என்ன சாப்பிடுவாய் என்று கேட்கவில்லை. கைப்பேசியில் இருந்த மளிகை பில்லைக் காட்டச் சொன்னேன். சத்துமாவு என்ற பெயரில் விற்கும் சர்க்கரைப் பொடி டப்பா, கிரீம் பிஸ்கட் குடும்பப் பொதி, இரண்டு லிட்டர் குளிர்பானம், சிப்ஸ் சரம். ராத்திரி அப்பா கையோடு கொண்டுவரும் பார்சல் அந்தப் பில்லில் இல்லை, பையன்தான் சொன்னான்.

ஒரு நாளுக்கான மொத்தச் சக்தியில் சேர்க்கும் சர்க்கரை 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த வயதுப் பிள்ளைக்கு அந்த 5 சதவீதம் சுமார் 25 கிராம். கால் லிட்டர் கோலா குடித்தாலே அது முடிந்துவிடும். காலைப் பாலில் விழும் இரண்டு கரண்டிப் பொடியை இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை. பாலில் அந்த மாதிரிப் பொடி கலக்கும் பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற தலைப்பின் கீழ் விற்கக் கூடாதென்று 2024 ஏப்ரலில் மத்திய அரசு இணைய விற்பனைத் தளங்களுக்குச் சொன்னது. நம் சமையலறை அலமாரிக்கு அந்தச் செய்தி இன்னும் வரவில்லை.

அவனுக்கு மட்டும் தனிச் சாப்பாடு வேண்டாம், வீட்டுக்குள் வாங்கி வருவதை மாற்றுங்கள் என்றேன். வீட்டில் இல்லாத சிப்ஸுக்காகச் சண்டை கொஞ்ச நாள்தான் நடக்கும். பட்டினி போடக் கூடாது, தம்பி முன்னால் குண்டன் என்று கூப்பிடவும் கூடாது. வளர்கிற வயதில் எடை ஏறாமல் நின்றாலே உயரம் கூடக் கூட உடம்பு சரியாகி வரும், அவசரமாகக் குறைக்க வேண்டியதில்லை.

பிடி சார்:

உடற்கல்வி ஆசிரியன். மேடம் சொன்னதில் பாதிக்கு ஒத்துப்போகிறேன்.

பள்ளிக்கூட வாசலில் இருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த தின்பண்டங்களை விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதி சொல்கிறது. எங்கள் வாசலுக்கு எதிரிலேயே மூன்று கடை. மாலையில் பைக்கை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல் முட்டை பப்ஸ் வாங்கிக் கொடுப்பது அப்பா அம்மாதான், அது உண்மை. ஆனால் ஒரு பெற்றோர் கூட்டத்தில், ஆட்டோ ஓட்டுகிற ஒருவர் எழுந்து கேட்டார்: “சார், அஞ்சு ரூபாய்க்குப் பாக்கெட் கிடைக்குது. அஞ்சு ரூபாய்க்கு எந்தப் பழம் கிடைக்கும்? விளையாட விடச் சொல்றீங்க, எங்க தெருவுல பிள்ளை எங்க ஓடும்?” என்னிடம் பதில் இல்லை. 5 முதல் 17 வயதுப் பிள்ளைக்குத் தினமும் சராசரியாக ஒரு மணி நேரம் ஓடியாடும் உடற்பயிற்சி வேண்டும். பத்தாம் வகுப்பு வந்தால் விளையாட்டுப் பீரியடைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்கிறார்கள். எதிர்த்துக் கேட்கிற பெற்றோரை அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

கடைக்கார அக்கா:

பெட்டிக்கடை வைத்திருக்கிறேன். காலையில் சாப்பாடு கட்ட நேரமில்லாத வீடுகளில் பிள்ளை கையில் பத்து ரூபாய் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். உள்ளே பொம்மை இருக்கிற பாக்கெட்தான் முதலில் தீரும். கடலை மிட்டாய், அவித்த சுண்டல் வைத்தேன். அம்மாவோடு வருகிற பிள்ளைதான் அதை வாங்கும், தனியாக வருகிற பிள்ளை திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

மதுரைக்காரி:

பிடி சார், அந்த ஆட்டோக்காரர் கேட்டது நியாயம். எங்களிடம் வருகிற கூலிக் குடும்பங்களுக்கு ஆப்பிள் என்று நான் எழுதுவதே இல்லை. சீசனில் கொய்யா, நாட்டு வாழைப்பழம், வறுத்த கடலை, இல்லாவிட்டால் முதல் நாள் மீந்த இட்லியை உதிர்த்துத் தாளித்தது. இதெல்லாம் பாக்கெட்டை விடப் பெரிய செலவு இல்லை, ஆனால் யாராவது பத்து நிமிடம் அடுப்படியில் நிற்க வேண்டும். அந்தப் பத்து நிமிடம் அம்மாவுடையதாகவே இருக்க வேண்டியதில்லை என்று அப்பாக்களிடம் சொல்கிறேன்.

வாசல் கடைக்கு வருவோம். கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். 50 மீட்டர் விதியை அந்தக் கூட்டத்தில் தீர்மானமாகப் போட்டு, மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் எழுத்தில் கொடுக்கலாம். விளையாட்டுப் பீரியடையும் அதே கூட்டத்தில் கேளுங்கள். தனியார் பள்ளிகளில் இப்படி யாராவது முயன்றிருந்தால், என்ன நடந்தது என்று எழுதுங்கள்.