உதவி: செவ்வாய்ப் பயணப் புற்றுநோய் அபாயக் கணக்கில் விடை ஏழரை மடங்கு குறைகிறது

பினாங்கு மாணவி: வணக்கம். நாளை காலை இடுபணியை ஒப்படைக்க வேண்டும். செவ்வாய்க்குப் போய்த் திரும்பும் 360 நாள் பயணத்தில் அண்டக் கதிரால் விண்வெளி வீரருக்கு ஏற்படும் புற்றுநோய் அபாயம் எனக்கு 0.35 விழுக்காடுதான் வருகிறது, விரிவுரையாளரோ 2.7 வர வேண்டும் என்கிறார். தவறு எங்கே?

செந்தூல் கணக்கர்: தொடக்கக் கதிர் அளவு எந்த அலகில், கிரேயிலா, சீவர்ட்டிலா? எந்த அபாயக் கெழு, அதாவது ஒரு சீவர்ட்டுக்கு எத்தனை விழுக்காடு அபாயம்? இவற்றைச் சொல்லாமல் விடையை மட்டும் காட்டினால் என்ன செய்வது, தங்கையே?

தண்ணீர்மலையான்: கலத்தின் சுவரை மறந்திருப்பீர்கள். அலுமினியத்தைத் தடிப்பாக்கினால் அண்டக் கதிர் அதில் மோதி நியூட்ரான்களைச் சிதறடிக்கும். ஹைட்ரஜன் மிகுந்த பாலித்தீனே நல்லது.

பினாங்கு மாணவி: மன்னிக்கவும். நாசாவின் செவ்வாய் ஊர்தி கியூரியோசிட்டி போகும் வழியில் அளந்த 0.48 மில்லிகிரே, நாளொன்றுக்கு. கெழு, பணியாளருக்கு உரிய, சீவர்ட்டுக்கு 4.1 விழுக்காடு. கதிர் சிறுகச் சிறுகப் பட்டால் பாதிப்பு குறைவு என்பதால் இரண்டால் வகுத்தேன்.

கதிரியல் மூத்தவர்: படிவம் ஆறிலேயே தெளிந்திருக்க வேண்டியது இது. கிரே என்பது உடலின் ஒவ்வொரு கிலோவும் உறிஞ்சிய கதிர் ஆற்றல் மட்டுமே. இரும்பு அணுக்கரு போன்ற கனமான துகள்கள் அதே ஆற்றலில் உயிரணுவை அதிகம் சிதைப்பதால், தரக் காரணியால் பெருக்கிய பிறகே அது சீவர்ட் ஆகும். கியூரியோசிட்டி கண்ட சராசரிக் காரணி ஏறத்தாழ 3.8. மேலும், ஹிரோஷிமா, நாகசாகியில் ஒரு நொடியில் கதிர்பட்டவர்களின் பதிவுகளிலிருந்து வகுத்த அந்த 4.1-இல் இரண்டால் குறைத்தல் ஏற்கெனவே அடங்கியிருக்கிறது; நீங்கள் மறுபடியும் குறைத்துவிட்டீர்கள். 3.8-ஐ இரண்டால் பெருக்கிப் பாருங்கள், உங்களைப் பிடித்த ஏழரை தெரியும்.

தண்ணீர்மலையான்: அப்படியானால் பயணம் 660 மில்லிசீவர்ட். நாசா 2022-இல் வாழ்நாள் வரம்பை 600 என்று வைத்ததே, யார்தான் போவது? நம் மலேசிய விண்வெளி வீரர் ஷேக் முஸாபர் 2007-இல் போனாரே, அவருக்கு?

செந்தூல் கணக்கர்: பதினொரு நாள்தானே, நாளுக்கு அரை மில்லிசீவர்ட் என்றாலும் ஐந்தாறுக்குள். அந்த 600, 35 வயதுப் பெண்ணை அளவுகோலாக்கி அனைவருக்கும் வைத்தது. முன்பு வரம்பு வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ப மாறியது. ஆண்களுக்கு இந்த 600 தேவைக்கு மேலான கண்டிப்பு.

கதிரியல் மூத்தவர்: பழைய முறையில் பெண்களுக்குப் பறக்கும் நாட்களே குறைந்தன. அதை நியாயம் என்கிறீர்களா?

பினாங்கு மாணவி: 2.7 வந்துவிட்டது, ஒப்படைத்துவிட்டேன். நன்றி.

செந்தூல் கணக்கர்: அதை இறப்பு அபாயம் என்று எழுதவில்லையே? குணமாகும் புற்றுநோயின் பாதிப்பையும் எடைபோட்டுச் சேர்த்த எண் அது. தங்கையே?