வண்டி ரேடியோவில் இரைச்சல், திரும்பி வரும்போது மட்டும். உதவி தேவை!

ஓ.டி. லோடுவண்டி:
வணக்கம், கொஞ்சம் அவசரம். கடலூரிலிருந்து வண்டியில் பாண்டி போகும்போது ரேடியோ அருமையாகப் பாடுகிறது. திரும்பி வரும்போது கர்ர்ர் என்று ஒரே இரைச்சல், பாட்டையே முழுங்கிவிடுகிறது. செட்டு புதுசுதான். கடைக்காரர் வேறு செட்டு மாற்றச் சொல்கிறார். நாளைக்கும் லோடு இருக்கிறது, சீக்கிரம் சொல்லுங்கள்.

கெடிலக்கரை:
என்ன வண்டி? பெட்ரோலா, டீசலா? எஃப்.எம்.மா, மீடியம் வேவா? ஆக்ஸிலேட்டரை மிதித்தால் சத்தம் கூடுகிறதா? இதெல்லாம் சொல்லாமல் கேட்டால் ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

பிளக்கு மணி:
சந்தேகமே வேண்டாம், ஸ்பார்க் பிளக். ரெசிஸ்டர் வைத்த பிளக்காகப் போடுங்கள். சாதா பிளக் பொறி விடும்போதெல்லாம் ரேடியோவில் டிக்டிக் என்று விழும். என் பழைய வேனில் பிளக்கை மாற்றியதும் சுத்தமாக நின்றுவிட்டது.

உப்புக்காற்று:
ஓ.டி. என்றால் கடலூர் ஓல்டு டவுன், அதாவது முதுநகர்; துறைமுகத்துப் பக்கம் நிற்கிற வண்டியாகத்தான் இருக்கும். ஆன்டெனாவின் அடி நட்டைக் கழற்றிப் பாருங்கள், பச்சை பூத்திருக்கும். உப்புத்தாளால் பாடித் தகடு பளிச்சென்று தெரிகிற வரை தேய்த்து மாட்டுங்கள். எர்த் சரியில்லை என்றால் ஊரில் உள்ள இரைச்சல் எல்லாம் உள்ளே வரும்.

பழைய வால்வு:
இதே கேள்வி இங்கே ஆயிரம் முறை வந்தாகிவிட்டது, தேடிப் படிக்கத்தான் யாருக்கும் பொறுமை இல்லை. எஃப்.எம். அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவது. புதுச்சேரி டவரை நோக்கிப் போனால் நன்றாகக் கேட்கும், விலகி வந்தால் இரையும். பள்ளிக்கூடத்துப் பாடம் இது. செட்டையும் பிளக்கையும் மாற்றிக் காசைக் கரியாக்காதீர்கள்.

ஓ.டி. லோடுவண்டி:
டாடா ஏஸ் குட்டியானைங்க, டீசல். எஃப்.எம். 102.8, புதுச்சேரி ரெயின்போ. மற்ற ஸ்டேஷனும் அப்படித்தான். மிதித்தால் கூடவில்லை, ஒரே மாதிரி இரைகிறது.

கெடிலக்கரை:
மணி அண்ணே, டீசலில் ஸ்பார்க் பிளக்கை எங்கே போய்த் தேடுவது?

பிளக்கு மணி:
ஹீட்டர் பிளக் இருக்கிறதே!

கெடிலக்கரை:
அது குளிரில் ஸ்டார்ட் ஆவதற்காகச் சூடேற்றுவது. பொறி விடாது. மிதித்தால் ஙீஙீ என்று ஏறவில்லை என்பதால் பேட்டரியை சார்ஜ் செய்கிற ஆல்டர்னேட்டர் மேலும் எனக்குச் சந்தேகம் இல்லை. தம்பி, எத்தனை மணிக்குப் போய் எப்போது திரும்புகிறீர்கள்? கடலூரிலேயே வண்டியை நிறுத்திக் கேட்டுப் பார்த்தீர்களா?

ஓ.டி. லோடுவண்டி:
மதியம் மூன்று மணிக்குக் கிளம்பி, பெரிய மார்க்கெட்டில் இறக்கிவிட்டு ஏழு ஏழரைக்குத் திரும்புவேன். பாண்டிக்குள்ளேயே, முதலியார்பேட்டையிலேயே இரைச்சல் ஆரம்பித்துவிடும். பகலில் முதுநகரில் நிற்கும்போது நன்றாகத்தான் கேட்கிறது.

வில்லியனூர் வயர்மேன்:
பழைய வால்வு ஐயா கோபிக்கக் கூடாது. முதுநகரில் பகலில் நன்றாகக் கேட்கிறது, டவர் இருக்கிற ஊருக்குள்ளேயே இரவில் இரைகிறது. தூரம் காரணம் என்றால் இது தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்? தம்பி, நீங்கள் போவது பகலில், வருவது இருட்டில். ஹெட்லைட்டில் என்ன பல்பு?

ஓ.டி. லோடுவண்டி:
வெள்ளை எல்.இ.டி. போன மாதம் போட்டது. ரேடியோவுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

வில்லியனூர் வயர்மேன்:
நிறையச் சம்பந்தம் இருக்கிறது. ஹாலோஜன் பல்பில் வெறும் இழைதான், பேட்டரி கரன்ட் நேராக அதில் ஓடும். எல்.இ.டி. பல்புக்குப் பின்னால் டிரைவர் என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கும். கரன்டை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டித்தான் அது எல்.இ.டி.க்குக் கொடுக்கிறது. அப்படி வெட்டும்போது கிளம்பும் இரைச்சல் எஃப்.எம். வரைக்கும் எட்டும். மலிவான பல்பில் அதை அடக்குகிற ஃபில்டர் இருக்காது. பல்புக்குப் போகிற வயரே அதைப் பரப்பும் ஆன்டெனா ஆகிவிடும்.

இப்போதே பார்த்துவிடலாம். இன்ஜினை ஆஃப் செய்து, சாவியை மட்டும் போட்டு ரேடியோவை வையுங்கள். அப்புறம் ஹெட்லைட்டைப் போட்டுப் போட்டு அணையுங்கள். லைட்டோடு சேர்ந்து இரைச்சலும் வந்து போனால் ஆள் அதுதான். அடுத்து, லைட் எரியும்போதே செட்டுக்குப் பின்னால் ஆன்டெனா வயரைப் பிடுங்குங்கள். இரைச்சலும் நின்றால் அது ஆன்டெனா வழியாக வருகிறது. நிற்கவில்லை என்றால் செட்டின் கரன்ட் வயர் வழியாக. சிகரெட் லைட்டரில் மொபைல் சார்ஜர் இருந்தால் முதலில் கழற்றிவிடுங்கள், அதுவும் இதே ஜாதி.

ஈசிஆர் பயணி:
இத்தனை பாடு எதற்கு? போனை புளூடூத்தில் இணைத்தால் வேலை முடிந்தது. இந்தக் காலத்தில் யார் ரேடியோ கேட்கிறார்கள்?

உப்புக்காற்று:
2011 டிசம்பர் 30, தானே புயல் அன்று நீங்கள் எந்த ஊரில் இருந்தீர்கள்? எங்கள் தெருவில் வாரக்கணக்கில் கரன்ட் இல்லை, போனில் உயிரில்லை. பேட்டரி ரேடியோதான் பேசிக்கொண்டிருந்தது.

ஈசிஆர் பயணி:
அது அந்தக் காலம். 2024 நவம்பரில் ஃபெஞ்சல் புயல் கரை ஏறும்போது நான் போனில்தான் செய்தி பார்த்தேன்.

உப்புக்காற்று:
உங்கள் தெருவில் டவர் வேலை செய்தது, பார்த்தீர்கள். எங்கள் பக்கம் கோடு ஒன்றுகூட இல்லை.

பழைய வால்வு:
புயலுக்கு எஃப்.எம். எதற்கு? மீடியம் வேவ் வைத்துக்கொள்ளுங்கள். சென்னை 720, திருச்சி 936. தூரத்துக்கு அதுதான் லாயக்கு.

கெடிலக்கரை:
ஐயா, அந்த பல்போடு மீடியம் வேவ் வைத்தால் காது கிழியும். அலையின் உயரத்தில் ஏறுகிற இரைச்சலை எஃப்.எம். செட்டு ஓரளவு வெட்டிவிடும், மீடியம் வேவில் அப்படியே கேட்கும். புயல் சண்டையைத் தனியாக வைத்துக்கொள்வோம். தம்பி, சோதித்தீர்களா?

*(இரண்டு நாள் கழித்து)*

ஓ.டி. லோடுவண்டி:
லைட்டு போட்டால் வருது, அணைத்தால் போகுது. ஆன்டெனாவைப் பிடுங்கினால் நிற்குது. டிரைவர் பெட்டியை ஒட்டி வயரில் இரைச்சலை அடக்குகிற ஃபெரைட் கிளிப் மாட்டினேன், பாதிதான் குறைந்தது. பழைய 60/55 வாட் ஹாலோஜனையே திரும்பப் போட்டுவிட்டேன். நன்றி.

வில்லியனூர் வயர்மேன்:
நல்லது. பல்பு ஹோல்டர் சூட்டில் உருகியிருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். எதிரே வருகிற டூவீலர்காரர்களும் உங்களை வாழ்த்துவார்கள், அந்த வெள்ளை வெளிச்சம் கண்ணைக் குத்தும்.

பிளக்கு மணி:
பெட்ரோல் வண்டியாக இருந்திருந்தால் பிளக்தான்.

பழைய வால்வு:
தூரம் ஒரு காரணமே இல்லை என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். சீர்காழிக்கு லோடு போய்ப் பாருங்கள். 102.8 இழுக்காது, காரைக்கால் 100.3 வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.