புதுப்பிப்பு: சென்னை மொட்டை மாடியிலிருந்து ஹாம் ரேடியோவில் (பொழுதுபோக்கு வானொலித் தொடர்பில்) பெரு கிடைத்துவிட்டது!

20 மீட்டர் அலைவரிசையில் ஜப்பானும் ஐரோப்பாவும் கிடைக்கின்றன, தென் அமெரிக்கா மட்டும் சிக்கவே இல்லை என்று முன்பு எழுதியிருந்தேன். ஆன்டெனாவை மாற்ற வேண்டாம், நேரத்தை மாற்று என்றார் இங்குள்ள மூத்த ஹாம் ரேடியோக்காரர் ஒருவர். சரியாகச் சொன்னார்.

அதே டைபோல் (இரண்டு கம்பிக் கைகள் கொண்ட எளிய ஆன்டெனா)தான், மூங்கில் கழியில் தலைகீழ் 'வி'யாகக் கட்டியது. விடியும் நேரத்தில் 14.074 மெகாஹெர்ட்ஸில் எஃப்டி8 (மிக மெல்லிய சிக்னலையும் கணினி படித்துவிடும் டிஜிட்டல் முறை) போட்டு உட்கார்ந்தேன். வீட்டு எல்இடி விளக்குகளை அணைத்ததுமே இரைச்சல் நன்றாகக் குறைந்தது. அப்புறம் திரையில் 'ஓஏ4' என்று தொடங்கும் பெரு நாட்டு அழைப்புக்குறி (நிலையத்தின் அடையாளப் பெயர்)! தலைநகர் லிமா, சுமார் 17,500 கி.மீ. என் சிக்னல் அங்கே மைனஸ் 19 டெசிபல், அதாவது இரைச்சலைவிட அவ்வளவு கீழே. காதால் கேட்டிருக்கவே முடியாத அளவு, ஆனாலும் தொடர்பு முழுமையாக முடிந்தது. கை நடுங்கிவிட்டது.

நமக்கு விடியும்போது அங்கே பொழுது சாய்ந்திருக்கும். வளிமண்டலத்தின் மேலே உள்ள அயனி மண்டலத்தில், சிக்னலை உறிஞ்சும் 'டி' அடுக்கு அங்கே கலைந்திருக்கும், இங்கே இன்னும் வலுத்திருக்காது. மேலே 'எஃப்' அடுக்கு மட்டும் அலையைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கும். அந்தக் கொஞ்ச நேரம்தான் வாசல் திறந்திருக்கிறது.

அடுத்து இதே பாதையில் மோர்ஸ். விடியலில் தென் அமெரிக்காவை மோர்ஸில் பிடித்தவர்கள், எந்த மாதத்தில் கிடைத்தது என்று சொல்லுங்களேன்.